சோளக் கஞ்சியும் சுண்ணாம்பும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காலை உணவுக்கு அமர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் முட்டைக்குப் பக்கத்தில், குழைந்த ரவையைப் போல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. அதன் பெயர் கிரிட்ஸ். காய்ந்த சோளத்தைக் கொரகொரப்பாக அரைத்து, நீரிலோ பாலிலோ மெதுவாக வேகவைத்த கஞ்சி அது. சூட்டில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புவதால்தான் அந்தக் குழைவு.

முதல் கரண்டி ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெண்ணெயும் உப்பும் கலந்து மீண்டும் சாப்பிட்டுப் பாருங்கள். நமக்கு அரிசிக் கஞ்சி எப்படியோ, அங்குள்ளவர்களுக்கு இது அப்படி. 2002இல் ஜார்ஜியா இதைத் தன் அதிகாரப்பூர்வ உணவாகவே அறிவித்தது.

ஆனால், இதே தென் மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. வெயில் படும் தோல் சிவந்து உரியும். வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், இறுதியில் மரணம். கிருமிதான் காரணம் என்று மருத்துவர்கள் பலர் நம்பினர்.

1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார். மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பெலாக்ரா வந்தது, பணியாளர்களுக்கு வரவில்லை. கிருமி ஆள் பார்த்தா தொற்றும்?

1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாகச் சொல்லி, 11 கைதிகளுக்குக் கிரிட்ஸ், சோள ரொட்டி போன்றவற்றை மட்டுமே தொடர்ந்து கொடுத்தார். பாலும் இறைச்சியும் இல்லை. சில மாதங்களில் 6 பேருக்குப் பெலாக்ரா! (இன்று இப்படியொரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது.) அப்போதும் சிலர் நம்பவில்லை. 1916இல் அவர் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார்; அவர்களின் தோல் செதில்களையும் கழிவுகளையும் விழுங்கினார். நோய் வரவில்லை.

அவர் தேடியது எது என்பது, அவர் இறந்து 8 ஆண்டுகள் கழித்து 1937இல்தான் தெரிந்தது. அது நியாசின், அதாவது வைட்டமின் பி3.

வேடிக்கை என்னவென்றால், சோளத்தில் நியாசின் இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி மற்றப் பொருள்களோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலால் அதை உறிஞ்ச முடியாது. காரத்தன்மையுள்ள நீரில் வேகவைத்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். மெக்சிகோவின் பழங்குடியினர் மிகப் பழங்காலத்திலிருந்தே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில்தான் வேகவைத்தனர். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு! வட அமெரிக்கப் பழங்குடியினர் மரச்சாம்பலைப் பயன்படுத்தினர். குடியேறியவர்கள் சோளத்தை ஏற்றுக்கொண்டனர்; ஆனால் அதை அப்படியே ஆலையில் அரைத்துச் சாப்பிடும் வழக்கம் பெருகியபோது, சாம்பலும் சுண்ணாம்பும் விட்டுப்போயின.

கடையில் கிரிட்ஸ் பொட்டலம் கண்ணில் பட்டால், பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அரைத்த சோளத்தில் பிறகு சேர்க்கப்பட்ட சத்துகளின் வரிசையில் பெரும்பாலும் நியாசின் இருக்கும்.