பெட்டி போய்ப் பெயர் வந்தது

1951-52 பொதுத்தேர்தலில் வாக்காளர் கையில் கொடுத்த சீட்டில் வேட்பாளர் பெயரே கிடையாது. திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னம். இரட்டைக் காளையோ குடிசையோ, மனதுக்குப் பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். எழுத்து தெரியாதவர்களே மிகுந்திருந்த நாட்டில், அவர்களை நம்பிச் செய்த ஏற்பாடு அது. அங்கே பெயரைக் காட்டி யாரையும் குழப்ப வழியில்லை.

1962-ல் பெட்டி முறை போய், எல்லோர் பெயரும் ஒரே தாளில் வந்தன. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றபோது வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு வரிசைமுறையும் மாறியது. இன்று அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை.

பெயர் அச்சேறியதும் அதையே ஆயுதமாக்கக் கற்றுக்கொண்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆலப்புழையில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். அதே தொகுதியில் வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சைக்கு 8,282 வாக்குகள் விழுந்தன. ஊர் அறியாத சுயேச்சைக்கு இத்தனை பேர் தெரிந்தே போட்டிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இது நடந்தது எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் கேரளத்தில் என்பதுதான் உறுத்துகிறது. சின்னத்தை மட்டும் தேடிப் போகிறவர் இந்த வலையில் சிக்கமாட்டார். பெயரைப் படித்து, அதை நம்பி வாக்கு இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறவர்தான் ஏமாறுகிறார்.

2015 முதல் வேட்பாளர் படமும் சேர்ந்தது. அடுத்த ஆண்டே கேரளச் சட்டமன்றத் தேர்தலில் மஞ்சேஸ்வரத்தில் பாஜகவின் கே. சுரேந்திரன் 89 வாக்குகளில் தோற்றார். பகுஜன் சமாஜ் கட்சியின் கே. சுந்தரா பெற்றது 467. அத்தனையும் தவறி விழுந்தவை என்று சொல்ல முடியாது, கட்சிக்காகவே போட்டவர்களும் இருப்பார்கள். ஆனால் 90 பேர் தடுமாறியிருந்தாலே முடிவு மாறியிருக்கும்.

2024-ல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராக இன்னும் பல பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தார்கள். அவர் தரப்பு சின்னமான பலாப்பழத்தை வீடு வீடாகக் காட்டி வாக்கு கேட்டது. அவர் தோற்றது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில்; அங்கே பெயர்க் குழப்பம் முடிவை மாற்றவில்லை. ஆனாலும் முதல்வராக இருந்தவருக்கே தான் யார் என்று அடையாளம் காட்டவேண்டிய நிலை.

அதே ஆண்டு மே மாதம் இந்தப் பிரச்சினை உச்சநீதிமன்றத்துக்குப் போனது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவர் போட்டியிடுவதைத் தடுக்க முடியுமா என்று கேட்ட நீதிபதிகள் மனுவை ஏற்கவில்லை. அது சரியான கேள்வி; நிற்கும் உரிமையைப் பறிக்கக் கூடாது. ஆனால் வாக்காளருக்குத் தெளிவாகக் காட்டும் கடமை தேர்தல் ஆணையத்துக்கு இருக்கிறது. 2025-ல் பீகாரில் தொடங்கி வண்ணப் படமும் பெரிய எழுத்தும் வந்திருப்பது நல்ல காரியம். ஒரே பெயர் கொண்டவர்களைத் தொழிலோ ஊரோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதை முன்னெழுத்து மட்டும் மாறும் பெயர்களுக்கும், சுரேந்திரன், சுந்தரா போலக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். ஊர்ப் பெயரைப் பெயரின் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.