கயிறு தாங்கும் வீடு

மங்கோலியப் புல்வெளியில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரிவரை இறங்கும். ஆடு, குதிரை, ஒட்டகங்களோடு ஆண்டுக்குப் பல முறை இடம் மாறும் மேய்ச்சல் குடும்பங்கள் அங்கே வசிப்பது கெர் என்னும் வட்ட வீட்டில். படத்தில் வெள்ளைக் கூடாரம் போலத்தான் தெரியும். ஆனால் கூடாரத்துக்கு முளைக்குச்சி வேண்டும். கெர்ருக்குச் சாதாரண நாட்களில் அதுகூட வேண்டாம், அஸ்திவாரமும் கிடையாது.

சுவர் என்பது ஒரு தட்டி. மெல்லிய வில்லோ மரக் குச்சிகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து, சந்திக்கும் இடங்களில் துளையிட்டுத் தோல்வாரால் முடிந்திருப்பார்கள். கடைகளின் மடக்குக் கதவு போலச் சுருங்கும், விரியும். வழக்கமான குடும்ப வீட்டுக்கு ஐந்து தட்டிகள். அவற்றை வட்டமாக நிறுத்திக் கதவுச் சட்டத்தோடு பிணைப்பார்கள். நடுவே இரண்டு தூண்கள்; அவற்றின் மேல் தோனோ என்னும் மர வளையம். வளையத்திலிருந்து சுவர் விளிம்புவரை சுற்றிலும் கழிகள்.

இங்கேதான் சிக்கல். கூரையின் எடை கழிகள் வழியே இறங்கிச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஆணியில்லாத தட்டி அதற்கு ஈடுகொடுக்காது, அகன்று சரியும். சரியவிடாமல் பிடித்திருப்பவை சுவரைச் சுற்றி இறுக்கிய குதிரைமயிர்க் கயிறுகள். ரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடம் விரிசல் விட்டபோது, 18ஆம் நூற்றாண்டில் இரும்பு வளையங்கள் பூட்டினார்களே, அதுவும் இதே தள்ளுவிசையை அடக்கத்தான். மேய்ப்பர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மயிர்க்கயிற்றில் காரியத்தை முடித்திருந்தார்கள்.

குளிரைத் தடுக்கப் போர்த்துவது நெய்த துணியல்ல. ஆட்டு ரோமத்தை அடித்துப் பரப்பி, நீர் தெளித்துச் சுருட்டி, குதிரையில் கட்டி இழுத்து உருட்டுவார்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கனத்த விரிப்பாகிவிடும். உள்ளே அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கும். குளிர் கூடினால் இன்னோர் அடுக்கு; கோடையில் அடிவிளிம்பைச் சுருட்டிவிட்டால் காற்று வரும். வாசல் தெற்கே பார்ப்பதால், தோனோ வழியே விழும் வெயில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை வைத்து நேரமும் சொல்லிவிடுவார்கள்.

கைப்பழக்கம் உள்ள குடும்பம் ஓரிரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டிவிடும். முன்பு ஒட்டகம் சுமந்தது, இப்போது லாரி. இந்தக் கைவினையை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

தலைநகர் உலான்பாத்தரின் விளிம்பில் கதை வேறு. வேலி போட்ட மனைகளில் கெர்கள் நகராமல் நிற்கின்றன. சாக்கடை இணைப்பு இல்லை, குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகை. பழியைக் கெர்ரின் மேல் போடுவது நியாயமில்லை. அடுப்பில் போடும் எரிபொருள்தான் முதலில் மாற வேண்டியிருந்தது. 2019இல் நகருக்குள் பதப்படுத்தாத நிலக்கரியைத் தடைசெய்து, அழுத்திய நிலக்கரிக் கட்டிகளை அரசு புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.