சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்

வீட்டுக்கு மேலால் விமானம் பறக்கும்போது, "அதற்கு வழி காட்டுவது யார்?" என்று உங்கள் பிள்ளை கேட்டிருக்கலாம். வழி காட்டுபவர்கள் தரையிலேயே இருக்கிறார்கள், சகோதரிகளே! விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள்.

ஐக்கிய அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்டுவோர் பறப்புக் கழகங்களில் அங்கத்தவர்களாக இருக்கிறார்கள். இவர்கள் குழுவாகச் சென்று கட்டுப்பாட்டு நிலையங்களைப் பார்வையிடுவதுண்டு. இதற்கென்றே 'ஒப்பரேஷன் ரெயின் செக்' என்ற பெயரில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிருவாகம் ஒரு திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது? முதலாவது, விமான நிலையக் கோபுரம். நாற்புறமும் கண்ணாடி. ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே ஏறவும் இறங்கவும் அனுமதி கொடுக்கிறார்கள். விமானத்தின் வானொலி பழுதுபட்டால், கோபுரத்திலிருந்து விளக்கொளி காட்டுவார்கள். அணையாத பச்சை தெரிந்தால் இறங்கலாம். இரண்டாவது, ராடர் அறை. இறங்க வரும் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவது இங்கேதான். மூன்றாவது, நெடுந்தூர வழியைக் கவனிக்கும் நிலையம். இங்கே விமானங்களுக்கிடையே பொதுவாக உயரத்தில் 1,000 அடியாவது, பக்கவாட்டில் 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீற்றராவது இடைவெளி இருக்க வேண்டும்.

உத்தியோகத்தர் சொல்லும் முக்கிய கட்டளைகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்வார். கேட்டது சரிதானா என்று அறிய இதைவிட எளிய வழி ஏது?

இதையெல்லாம் நேரில் பார்ப்பதால் என்ன பயன்? புதிதாகப் பழகும் விமானிக்கு வானொலியில் கேட்கும் அந்தக் குரல் பயத்தைத் தரும். 'வேலையாக இருப்பவரைத் தொந்தரவு செய்கிறேனோ' என்று உதவி கேட்கவும் தயங்குவார். குரலுக்குரியவரை நேரில் கண்டு பேசினால் அந்தத் தயக்கம் குறையும்.

தயக்கம் எவ்வளவு ஆபத்தானது தெரியுமா? 1990 ஜனவரி 25ஆம் திகதி, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற அவியங்கா விமானம், மோசமான காலநிலையால் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகக் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் 'முன்னுரிமை' கேட்டார்கள். எரிபொருள் தீர்ந்து வருகிறது என்றும் சொன்னார்கள். ஆனால் 'அவசரநிலை' என்ற சொல்லைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவேயில்லை. முதல் முறை இறங்க முடியாமல் மீண்டும் மேலெழுந்த விமானம், எரிபொருள் தீர்ந்து லோங் ஐலண்டில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் உயிரிழந்தனர். அவசரநிலையை வெளிப்படையாக அறிவிக்காததை விசாரணை ஒரு முக்கிய காரணமாகக் குறிப்பிட்டது.

'மேடே' என்று மூன்று முறை சொன்னால் போதும், மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவார்கள். ஆனால் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இது விமானிகளுக்கு மட்டுமுரிய பாடமா? தாங்க முடியாத வலியோடு போயும், டொக்டரிடம் "கொஞ்சம் சுகமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வரும் சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்! நம் துன்பத்தின் அளவு எதிரே இருப்பவருக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.