சுரண்டாமல் விட்ட பக்கம்

“பிள்ளைகள் எந்நேரமும் போனில் அறிவியல் வீடியோ பார்க்கிறார்கள். அதில் உருப்படியானது எது?” என்று கேட்டு சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்றே ஒன்றைச் சொல்வதென்றால், அரவிந்த் குப்தாவின் மோட்டார் வீடியோ. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். டெல்கோ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தூக்கிப்போடும் பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தர வந்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய குறும்படங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

டார்ச் பேட்டரி, சைக்கிள் ட்யூப் பட்டை, இரண்டு ஊக்கு, சிறு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பி. இவ்வளவுதான் சாமான். காயில் கட்டும் கடையில் கேட்டால் கம்பித்துண்டு கொடுப்பார்கள்.

என்னை இன்றுவரை விடாமல் பிடித்துவைத்திருப்பது அந்தக் கம்பியின் முனைதான். கம்பியை வளையமாகச் சுற்றினால் அதுதான் காயில்; அதன் இரு முனைகளும் பேட்டரியோடு இணைந்த ஊக்குகளில் உட்காரும். காயிலின் ஒரு முனையில் எனாமலைச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டாமல் விட வேண்டும். இரண்டையும் முழுசாகச் சுரண்டிவிட்டால் காயில் சுற்றாது. அரைச்சுற்றுக்கு ஒருமுறை காந்தம் எதிர்ப்பக்கம் இழுக்க, இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடும். எனாமல் உள்ள பக்கம் ஊக்கில் படும்போது மின்சாரம் அறுபடுகிறது. அந்த நேரத்தைக் காயில் தன் வேகத்திலேயே கடந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் புளியமரத்து ஊஞ்சலை அப்படித்தான் ஆட்டுவோம்: போகும்போது ஒரு தள்ளு, திரும்பும்போது கையை எடுத்துவிடுவது.

மிக்சியில் “கார்பன் தேஞ்சு போச்சு” என்கிறாரே மெக்கானிக், அந்தக் கார்பன் உரசும் தாமிர உருளைக்கும் இதே வேலைதான். அது மின்சாரத்தை அறுப்பதோடு நிற்காமல் திசையையும் மாற்றிவிடுவதால், முழுச்சுற்றிலும் தள்ளு கிடைக்கிறது.

வீடியோ பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. பார்த்ததோடு அடுத்ததற்குத் தாவிவிடுவதுதான் வருத்தம். ஆய்வக அலமாரியைப் பூட்டிவைத்துவிட்டு அதே பாடத்தைத் திரையில் ஓட்டும் பள்ளிகளும் இருக்கின்றன. கைபடாமல் அந்த எனாமல் சங்கதி பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

செய்து பாருங்கள் அம்மா. காயிலை நட்டக்குத்தலாகப் பிடித்து, மறுமுனைக் கம்பியின் மேல்பாதியை மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். பிளேடு உங்கள் கையில் இருக்கட்டும். ஊக்கில் மாட்டி, விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். சுற்றாவிட்டால் எதிர்ப்பக்கம் சுண்டிப் பாருங்கள். அப்போதும் நின்றுபோனால் உடனே கழற்றிவிடுங்கள், கம்பி சூடேறும்.