யீசிங் தேநீர்க் கெண்டிகள்

மண்ணைப் பிசைந்து கலம் செய்தல் மாந்தர் கற்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆயினும், கலம் போற்றப்பட்ட அளவிற்கு அதனைச் செய்தவன் பெயர் போற்றப்படுதல் அரிது. இதற்கு விலக்காய் அமைந்தது சீனத்து யீசிங் நகரின் தேநீர்க் கெண்டித் தொழில். ஆங்கு ஓர் ஏவலாளனின் பெயர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. அது நிகழ்ந்தவாற்றை ஈண்டு நோக்குவாம்.

யீசிங், சியாங்சு மாகாணத்தில் தாய் ஏரிக்கு மேற்கே உள்ளது. அதன் குன்றுகளிற் பாறையடுக்குகளிடையே கிடைக்கும் மண் ‘சிஷா’ எனப்படும். ‘ஊதா மணல்’ என்பது அதன் பொருள். இரும்புச் சத்து மிக்க இம்மண் வெட்டியெடுக்கும்போது கல்போல் இறுகியிருக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்து உதிர்ந்த பின்னர், அதனை இடித்துச் சலித்து, நீர் சேர்த்து, நெடுநாள் வைத்துப் பதப்படுத்துவர்.

மண் முன்னரே இருந்தது. கெண்டியின் தேவை பின்னரே தோன்றியது. முற்காலச் சீனர் கட்டியாக்கிய தேயிலையைப் பொடித்து வெந்நீரிற் கலக்கிப் பருகினர். மிங் வமிசத்து முதற் பேரரசர் 1391இல் கட்டித் தேயிலையைத் திறையாகப் பெறுவதை நிறுத்தி, உதிரி இலையையே அனுப்புமாறு பணித்தார். இலையை ஊறவைத்து வடிக்கும் முறை பரவவே, மூடியும் மூக்கும் உடைய சிறு கலம் வேண்டியதாயிற்று.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேர்வுக்குப் பயிலும் பொருட்டு ஒரு கோயிலில் தங்கிய கற்றோர் ஒருவருக்குக் குங் சுன் என்னும் ஏவலாளன் தொண்டு செய்தான். அக்கோயிலின் முதிய துறவி மண் பிசைவதைக் கண்டு பயின்று, தானும் ஒரு கெண்டி செய்தான் என்பது மரபு. 1533ஆம் ஆண்டைச் சேர்ந்த நாஞ்சிங் நகரக் கல்லறையொன்றில் யீசிங் கெண்டியொன்று 1966இற் கண்டெடுக்கப்பட்டமையால், இத்தொழிலின் தொன்மை உறுதியாயிற்று.

இக்கெண்டி திகிரியில் வனையப்படுவதன்று. மண்ணை மரச்சுத்தியால் தட்டித் தகடாக்கி, அளவாக வெட்டி, உருளையாய் வளைத்து ஒட்டுவர். பின்னர் ஒரு கையை உள்ளே வைத்துத் தாங்கி, மறுகையிற் பிடித்த பலகையாற் புறத்தே மெல்லத் தட்டித் தட்டி உருட்சியாக்குவர். மூக்கும் பிடியும் பொருத்தி, மெருகு பூசாமல், சதமவளவையில் 1100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுடுவர். சூளையிற் கலம் சுருங்குமாதலின், மூடி இறுகப் பொருந்துமாறு செய்தலே கைத்திறத்திற்கு உரைகல்லாகும். நுண்டுளைகளையுடைய இக்கலம் தேநீரின் மணத்தைச் சிறிது ஏற்றுக்கொள்ளும். ஆதலின் ஒரு கெண்டியில் ஒருவகைத் தேயிலையையே இடுவர், சவர்க்காரமிட்டுக் கழுவார். பழகப் பழக அதன் மேனி பளபளப்புறும்.

கற்றோர் இத்தொழிலோடு கைகோத்தமை கருதத்தக்கது. மிங் காலத்து ஷீ தாபின், கற்றோருடன் பழகிய பின் சிறு கெண்டிகளைச் செய்து, அவற்றில் தம் பெயரைப் பொறித்தார். 1768 முதல் 1822 வரை வாழ்ந்த சென் மான்செங் என்பார் கவிஞர். அயலூரின் ஆட்சி அலுவலர். அவர் வடிவங்களை வகுக்க, யாங் பெங்நியன் என்னும் கலைஞர் அவற்றைக் கெண்டியாக்கினார். அக்கெண்டிகளின் அடியில் சென்னின் முத்திரையும் பிடியின் கீழ் யாங்கின் முத்திரையும் காணப்படுகின்றன. அலுவலரும் மண்வினைஞரும் ஒரே கலத்திற் பெயர் பொறித்தனர்.

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வாணிகத்தால் இக்கெண்டிகள் ஐரோப்பாவை அடைந்தன. யேர்மனியில் 1710இல் தோன்றிய மைசன் பீங்கான் ஆலையின் முதற்பொருள்களுள் இவற்றை ஒத்த செம்மட் கெண்டிகளும் இருந்தன. யப்பானின் தொக்கொனாமே ஊரார் 1878இல் சீனக் கலைஞர் ஒருவரை அழைத்து இம்முறையைக் கற்றனர். 2006இற் சீன அரசு இத்தொழிலைத் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

பொன்னோ மணியோ இக்கெண்டிகளில் இல்லை. மண்ணைத் தொட்ட கையைக் கல்வி இழிவாக நோக்காத இடத்தில் அம்மண்ணே பொன்னினும் விலையுயர்ந்தது. ஏவலாளன் ஒருவனின் பெயர் இன்றும் வழங்குவதற்கு ஏதுவும் அதுவே.