நல்ல குணத்துக்கு மார்க் போட முடியுமா?

குழந்தைகளே, 25 வயது மகன் ஒருவர் தன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இது தவறா, இல்லையா?

"ஐயையோ, தப்பு சார்!" என்று நீங்கள் கத்துவது என் காதில் விழுகிறது. ஒடிசாவில் உள்ள புவனேஸ்வரத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால், அமெரிக்காவின் சிகாகோ நகரில் இதே கேள்வியைக் கேட்டபோது, "இதில் என்ன தவறு?" என்றார்கள்.

இப்படிக் கேட்டவர்கள் ரிச்சர்ட் ஷ்வெடர், மனமோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள். 39 குட்டிச் சம்பவங்களை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு ஊரிலும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கேட்டார்கள். இது தவறா? எவ்வளவு பெரிய தவறு? யாருக்கும் தெரியாமல் செய்தால் பரவாயில்லையா? இந்த வழக்கத்தை மாற்றலாமா? ஆய்வு 1987-ல் வெளியானது.

தெருவில் தூங்கும் நாயை ஒருவன் வேண்டுமென்றே உதைக்கிறான். இரண்டு ஊரும் "தவறு" என்றன. பரீட்சையில் நன்றாக எழுதினால் பேனா வாங்கித் தருகிறேன் என்று சொன்ன அப்பா, வாங்கித் தரவில்லை. அதுவும் தவறு. (அப்பாக்கள் கவனிக்கவும்!)

அப்பா இறந்த மறுநாளே மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான். புவனேஸ்வரத்தில் இது மிக மிகப் பெரிய தவறு. துக்க நாட்களில் விரதம் இருப்பது அப்பாவின் ஆன்மாவுக்கு மகன் செய்யும் கடமை என்பது அவர்கள் நம்பிக்கை. சிகாகோவில் அதைத் தவறாகவே நினைக்கவில்லை. அப்பாவின் சொத்தில் பெரும்பகுதியை மகன் எடுத்துக்கொண்டு, மகளுக்குக் கொஞ்சமே கொடுத்தால்? சிகாகோவில் தவறு, புவனேஸ்வரத்தில் சரி என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் சிகாகோ பக்கம்தான்!

இதையெல்லாம் ஏன் மெனக்கெட்டுக் கேட்டார்கள்? அதற்கு ஒரு காரணம் உண்டு. லாரன்ஸ் கோல்பெர்க் என்பவர் 1958-ல் சிகாகோ பகுதிச் சிறுவர்களிடம் ஒரு கதை சொன்னார். மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்துக்கடைக்காரரோ கொள்ளை விலை கேட்கிறார். கணவன் மருந்தைத் திருடலாமா? திருடலாம், கூடாது என்ற பதிலுக்கு மார்க் இல்லை. சொல்லும் காரணத்துக்குத்தான் மார்க். "எந்த மனிதருக்கும் உயிர்வாழ உரிமை உண்டு" என்ற மாதிரிக் காரணம் மேல் படி. "குடும்பத்துக்கு நான் செய்யவேண்டிய கடமை" என்றால் நடுப் படிதான். இப்படி மொத்தம் 6 படிகள்.

பிறகு பல நாடுகளில் சோதித்தபோது, கிராமங்களில் மேல் படிக்காரர்களே தென்படவில்லை. அப்படியானால் கிராமத்து மக்களுக்கு நல்லது கெட்டது தெரியாதா? அல்லது கோளாறு அளவுகோலில் இருந்ததா? என் வகுப்பில் ஒரே பெஞ்சை ஒருவன் 9 சாண் என்பான், இன்னொருவன் 11 சாண் என்பான். பெஞ்சு வளரவில்லையே!

ஷ்வெடரிடம் பயின்ற ஜொனாதன் ஹைட் 1993-ல் புவனேஸ்வரம் வந்து 3 மாதம் தங்கினார். பின்னர் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் பிறர் துன்பம், நியாயம் ஆகியவற்றோடு, தன் கூட்டத்தாரிடம் விசுவாசம், பெரியவர்களிடம் மரியாதை, தூய்மை ஆகியவையும் இடம்பெற்றன. மொத்தம் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க் போடவேண்டும்.

வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது ஒருவர் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து!

இந்தத் தாளில் ஒரு வேடிக்கை. ஒரு செயல் சரியா தவறா என்று முடிவு செய்ய, 'அவர் கணக்கில் கெட்டிக்காரரா' என்பது எவ்வளவு முக்கியம் என்றும் ஒரு கேள்வி இருக்கும். இது அந்த 30-ல் சேராது. படிக்காமலே டிக் அடிப்பவர்களைப் பிடிக்க வைத்த பொறி. 'மிக முக்கியம்' என்று போட்டவர் மாட்டிக்கொள்வார். கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

2023-ல் தாளைத் திருத்தி 36 கேள்விகளாக்கினார்கள். 'நியாயம்' என்பது இரண்டாகப் பிரிந்தது. எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பது ஒன்று. உழைத்தவருக்கு உழைப்புக்கு ஏற்பக் கொடுப்பது இன்னொன்று. இன்று சாயங்காலம் வீட்டில் முறுக்குப் பங்கிடும்போது, இரண்டில் எது நியாயம் என்று தாத்தாவிடமும் தங்கையிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்களேன்!