டாப்ஸ்லிப் முதல் பரம்பிக்குளம் வரை: தண்ணீரைப் பின்தொடரும் நடை

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறும் சாலை, டாப்ஸ்லிப்பைத் தாண்டிச் சற்று தூரத்தில் கேரளத்துக்குள் நுழைகிறது. அங்கே தொடங்குவது பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். நிலம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் கேரளத்துக்காரர்களே ஆனாலும், வண்டியில் வருகிறவர்கள் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் அந்த வாசலை அடைய முடியும். சோதனைச் சாவடியின் இருபுறமும் ஒரே காடுதான். தேக்கு, கருமருது, வேங்கை, ஈட்டி, மூங்கில் எல்லாம் கலந்து நிற்கும் இலையுதிர் காடு அது. ஊடே ஓடைகள். அந்த ஓடைக்கரைகளில் மட்டும் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத மரங்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் வனத்துறையின் வேனில் ஏறி, அணையைப் பார்த்து, வழியில் மான் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்தக் காட்டை அப்படிப் பார்ப்பது பாதிகூடப் பார்த்ததாகாது. பரம்பிக்குளத்தில் வனத்துறையே வழிகாட்டியோடு நடைப்பயணங்களுக்கு ஏற்பாடு செய்கிறது. எல்லைக்கு இப்பால் டாப்ஸ்லிப்பிலும் அனுமதி பெற்று நடக்கும் பாதைகள் உண்டு. நடந்தால்தான் இந்தக் காடு எதைச் சுற்றி இயங்குகிறது என்பது புரியும். அது தண்ணீர்.

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அதன் பின்னால் வரும் வடகிழக்கு மழையும் ஓய்ந்தபின், ஜனவரியிலிருந்து நிலம் காயத் தொடங்கும். இலையின் நுண்துளைகள் வழியே மரம் ஓயாமல் நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மண்ணில் ஈரம் குறையும்போது அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் கணிசமான பங்கை மரம் முதலில் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய திசு அடுக்கு உருவாகி, இலை கழன்று விழுகிறது. காய்ந்த காடு என்று பலர் முகம் சுளிக்கும் அந்த மாதங்களில் மரம் சாகவில்லை, சேமிப்பில் இருக்கிறது. இலவமும் புரசும் அப்போதுதான் பூக்கின்றன. இலை இல்லாத கிளையில் சிவப்புப் பூக்கள் தூரத்திலிருந்தே பறவைகளின் கண்ணில் படும். இலவமரத்தின் கீழே நின்றால் தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் ஒரே கிளையில் சண்டையிடுவதைப் பார்க்கலாம்.

மரங்களை அடையாளம் காண நடைப்பயணியே கற்றுக்கொள்ளலாம், அதில் ஒரு சுகம் இருக்கிறது. கருமருதின் பட்டை முதலையின் முதுகைப் போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். அந்தத் தடிப்பு காட்டுத்தீயிலிருந்து மரத்தைக் காக்கிறது. தேக்கின் இளந்தளிரை உள்ளங்கையில் தேய்த்தால் சிவப்புச் சாயம் ஒட்டும். வேங்கையில் கீறல் விழுந்தால் ரத்தம் போன்ற பிசின் கசியும். நெல்லி காய்த்துக் கொட்டும் காலத்தில் அதன் அடியில் புள்ளிமான்கள் கட்டாயம் இருக்கும்.

ஓடையை நெருங்கும்போது எல்லாம் மாறும். சருகின் சத்தம் அடங்கி, காற்று குளிர்ந்து, தலைக்கு மேல் நிழல் மூடும். கோடை நெருங்க நெருங்கக் காட்டின் மொத்த உயிர்களும் இந்தக் கரைகளை நோக்கி நகர்கின்றன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். காட்டுமாடும் கடமானும் நீரை விட்டு நெடுந்தூரம் போகாது. அவை இருக்கும் இடத்துக்குப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் வரும். ஆகவே ஓடைக்கரையின் ஈரமணல்தான் நடப்பவருக்கு நாளிதழ். நேற்று இரவு யார் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள், குட்டி கூட இருந்ததா என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். இங்கே ‘வயல்’ என்று சொல்லப்படும் சதுப்பான புல்வெளிகளும் அப்படித்தான். மற்ற இடத்தில் புல் காய்ந்த பிறகும் அங்கே பச்சை இருப்பதால் காட்டுமாட்டுக் கூட்டங்கள் மேயும்.

இதையெல்லாம் வாசித்துச் சொல்ல உடன் வருகிறவர் பெரும்பாலும் காடர், மலசர், மலமலசர், முதுவர் குடிகளில் ஒருவராக இருப்பார். அவர் நின்றால் நிற்க வேண்டும். அதுதான் முதல் விதி. காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதை அவர் ஒவ்வொரு வளைவிலும் கவனிக்கிறார். மனித வாடை யானைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால் அது ஒதுங்க வாய்ப்புண்டு. எதிர்க்காற்றில் போய்த் திடீரென்று அதன் பக்கத்தில் நிற்பதுதான் ஆபத்து. மூங்கில் ஒடியும் ஓசை, யானை லத்தியின் சூடு, மந்தியின் எச்சரிக்கைக் குரல் என்று அவருக்குச் செய்தி பல வழிகளில் வருகிறது. மந்திக்கும் புள்ளிமானுக்கும் இடையே ஒரு கூட்டு உண்டு. மந்திகள் மேலிருந்து சிந்தும் இலையையும் காயையும் மான்கள் தின்னும். மேலே இருப்பதற்கு நெடும்பார்வை, கீழே இருப்பதற்குக் கூரிய மோப்பம். ஒன்று குரல் கொடுத்தால் மற்றொன்று விறைத்து நிற்கும். இரண்டும் சேர்ந்து கத்தினால், புதருக்குள் பெரும்பாலும் புலியோ சிறுத்தையோ இருக்கிறது.

இந்தக் காடு தொடப்படாத காடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்ட பம்பாய்த் துறைக்குப் போனது. வெட்டிய மரங்களைச் சமவெளிக்குச் சரித்துவிட்ட உச்சி என்பதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். கொச்சி சமஸ்தானம் இன்னும் ஒரு படி மேலே போய், 1907 முதல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர் டிராம் பாதையில் மரம் இறக்கியது. செங்குத்தான சரிவுகளில், பாரத்தோடு இறங்கும் பெட்டிகளின் எடையே காலிப் பெட்டிகளைக் கயிற்றில் மேலே இழுக்கும் ஏற்பாடு இருந்தது. பல பத்தாண்டுகள் அது ஓடியது. பழைய டிராம் தடம் இன்று நடைபாதைகளில் ஒன்று. எவ்வளவு மரம் அந்த வழியே இறங்கியிருக்கும் என்பதை அங்கே நடக்கும்போதுதான் உடம்பு உணர்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் அந்த அழிவுக்கு அணை போட்டவர்களில் முதன்மையானவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி, மறுபடி துளிர்க்க விடும் முறையை அவர் கடைப்பிடித்தார். நடக்கும்போதே கைத்தடியால் மண்ணில் குழி போட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இந்தப் பகுதியில் சொல்வார்கள். 1933இல் இறந்த அவருடைய கல்லறை, அவர் விரும்பியபடியே டாப்ஸ்லிப் தேக்குகளின் நடுவே இருக்கிறது.

ஆனாலும் தேக்குத் தோட்டம் வேறு, காடு வேறு. வரிசை பிடித்து, ஒரே வயதில், ஒரே உயரத்தில் நிற்கும் தேக்குகளுக்கிடையே பறவைச் சத்தம் குறையும். மரங்கள் கலந்து நிற்கும் இடத்துக்குள் நுழைந்ததும் அது கூடும். வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும். துணக்கடவுக்கு அருகே நிற்கும் கன்னிமாரா தேக்கு, வெட்டுக்குத் தப்பிய இயற்கைத் தேக்கு. அடிமரத்தின் சுற்றளவு 6.5 மீட்டருக்கு மேல், வயது நானூறு ஆண்டுகளைத் தாண்டியது என்பது மதிப்பீடு. 1994–95இல் இந்திய அரசின் மகாவிருட்ச விருதைப் பெற்றது. கோடாரி பட்டதும் ரத்தம் வழிந்ததால் வெட்ட வந்தவர்கள் விட்டுவிட்டார்கள் என்பது பழங்குடி மக்களின் நம்பிக்கை. இன்றும் அதை வணங்குகிறார்கள்.

காட்டைக் காப்பதில் இந்த மக்களின் பங்கைச் சுற்றுலா விளம்பரங்கள் போதிய அளவு சொல்வதில்லை. அடுத்திருக்கும் வாழச்சால் காடுகளில், ஒருகாலத்தில் இருவாய்ச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்த காடர்கள், இப்போது அதே கூடுகளைக் கண்டறிந்து, கணக்கெடுத்து, காவல் காக்கிறார்கள். எந்த மரப்பொந்தில் பெட்டை அடைந்திருக்கிறது, ஆண் எப்போது இரை கொண்டு வருகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. பரம்பிக்குளத்தில் நடைப்பயணிக்கு வழிகாட்டுவதும் அந்த மாதிரி அறிவுக்குக் கூலி கிடைக்கும் ஒரு வழி. கட்டணத்தில் பேரம் பேசுகிறவர்கள் அதை நினைக்க வேண்டும்.

ஓடையைக் கடக்கும் பயணி இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. இங்கே ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு பரம்பிக்குளம், பெருவாரிப்பள்ளம், துணக்கடவு அணைகளில் சேர்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்கி, சம மட்டக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போகிறது. நிலம் கேரளத்தில் இருந்தாலும் அணைகளைப் பராமரிப்பது தமிழ்நாடு. 1970இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி நடப்பது அது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் பல்லடம், காங்கேயம் பக்கத்து வயல்களும் இந்தத் திட்டத்தின் தண்ணீரைக் குடிக்கின்றன.

போக நினைப்பவர்களுக்குப் பருவம் முக்கியம். மழைக்காலத்தில் அட்டை, கோடையில் உண்ணி. இரண்டுக்கும் முழுக்கைச் சட்டையும் காலை மூடும் உடுப்பும் வேண்டும். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் வரும் வாரங்களில் ஓடைகளில் நீரும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். அதன் பிறகு தரையெங்கும் சருகு. ஒரு பீடித்துண்டு போதும், காடு பற்றிக்கொள்ளும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் இணையவழி முன்பதிவோடும் திறந்தது. தீ அபாயம் மிகுந்த மாதங்களில் பாதைகள் மூடப்படுகின்றன. அப்போது வனத்துறையினரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் தீத்தடுப்புக் கோடுகளில் சருகைக் கூட்டித் தள்ளும் வேலையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் யாரையாவது பிடித்து உள்ளே போய்விடலாம் என்று முயல்கிறவர்கள், தங்கள் உயிரோடு அவர்களுடைய உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.